நாற்பத்தோராம் பக்கத்தில் கத்தி இல்லை

ஊரூர் ஒல்காட் குப்பம்,
12 ஜூன் 2025

அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கை. நாற்பத்தோராம் பக்கம், கீழ் வரிசை. கப்பல்துறை முதலாளியின் அடியாள் ஓடி வருகிறான். வலது கை இறுக மூடியிருக்கிறது. விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல வளைந்திருக்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த கட்டத்தில் கதாநாயகன் லென்னியின் நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். ஏன் விழுகிறான் என்று படத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

உனக்கு இந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கும். 'பதினேழாம் கப்பல்துறை'. நம் நைனா, லஸ் முனையில் நடைபாதைக் கடையில் வாங்கி வந்தது. நீ படித்துப் படித்து முதுகு பிய்ந்துபோய், வலை நூலால் தைத்து வைத்தாயே, அதுதான். இப்போது அந்தப் புத்தகத்தில்தான் எனக்கு வேலை. நீ உள்ளே போன அடுத்த வாரம் சேர்ந்தேன். தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஜாக்கெட் துணிக்கடை மாடியில் சுந்தரராமன் சாரின் ஆபீஸ். லண்டனில் வந்த பையன்கள் காமிக்ஸைத் தமிழில் போட்டவர் அவருடைய அப்பா. அதிலிருந்த கத்தி, ரத்தம் எல்லாவற்றையும் வெள்ளை பெயின்ட் தொட்டு அழித்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவாராம். அன்றைக்குப் படித்த பிள்ளைகளுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. வெட்டாத பதிப்பு வேண்டும் என்று கேட்கிறார்கள். அதனால் இங்கிலீஷ் பக்கத்திலிருந்து கத்தியை எடுத்துத் தமிழ்ப் பக்கத்தில் திரும்ப வைக்கிறேன். அப்துல் சமத் பாயின் பேனர் கடையில் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் வேலை கைகொடுக்கிறது. இங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லு, சொல்லு என்று உயிரை எடுத்தார்களே, அது இங்கே இல்லை.

ரங்கண்ணன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். (அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. சண்டைக்கு முதல் நாள்வரை அப்படித்தானே கூப்பிட்டேன்.) வயிற்றில் குழாய் போட்டிருக்கிறார்கள். அவருடைய அம்மா, முத்தம்மா அத்தை, மீன் விற்க வருவதில்லை. நம் அம்மா தன் இடத்தில் உட்கார்ந்து விற்கிறாள். பக்கத்தில் அத்தையின் இடம் காலியாகவே கிடக்கிறது. எந்த இரண்டு முழ இடத்துக்காக நீ கத்தியை எடுத்தாயோ, அதில் இப்போது யாரும் கூடை வைப்பதில்லை.

நான் ஏன் பார்க்க வரவில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டிருக்க போனில் பேச வேண்டும் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

அஸ்வினி


21 ஜூன் 2025

பாப்பா,

லெட்டர் வந்துச்சு. இங்க எவனுக்கும் லெட்டர் வர்றதில்ல. எல்லாம் சுத்தி நின்னுகினு "யார்ரா மச்சி, லவ்வரா?"ன்னு ஒரே கலாய். தங்கச்சின்னேன். ஒருத்தன் சொல்றான், "என் தங்கச்சி எழுதுனா நாலு பக்கம் திட்டு கீது, உன்னுது இன்னாடா படக்கதை எழுதிகினு கீது"ன்னு.

எழுதுனது நல்லாதான் கீது. ஆனா கடைசில நைசா ஒண்ணு உட்டியே, பேச்சு வராதுன்னு. எனக்கு தெரியாதா உன்ன? கோயில்ல ஃபாதர் பேரு கேட்டாகூட என் முதுகு பின்னால பூந்துக்குவ. அப்ப எல்லாம் யாரு பதில் சொன்னது? இப்ப எனக்காவ அஞ்சு நிமிசம் வந்து நிக்க முடியலியா? பேசவே வாணாம். சும்மா வந்து நில்லு.

அந்த புக்கு ஞாபகம் கீது. லென்னி கிரேன்ல தொங்குவானே, அந்த பக்கம்தான் எனக்கு மெர்சலு. நீ சொல்ற கைகூட ஞாபகம் கீது. நான் அத்த சும்மா குத்து வுடுறான்னு நெனச்சிகினு இருந்தேன். ஒரு குத்துக்கு இன்னாமா சீன் போட்டு உழுறான் பாருன்னு சிரிப்பேன். அத்த அனுப்பு. இங்க பொழுதே போவல.

ரங்கன் எப்டி கீறான்னு கரெக்டா கேட்டு எழுது. அம்மாவ கேட்டா அழுவுது. கூடைய ஒதைச்சான், சரி, வுட்டுட்டேன். ஐஸ் மேல இருந்த அம்மா கைய செருப்புக் காலால மெதிச்சான். மெதிச்சிட்டு காலை எடுக்கல. நீதான் பக்கத்துல நின்னியே, பாத்தல்ல?

செபஸ்தியான்


4 ஜூலை 2025

அண்ணா,

புத்தகத்தை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் சிவப்பு மையில் 'வன்முறைப் படங்கள், அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. கத்தியே இல்லாத புத்தகத்துக்கு இது.

உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், டி.வி.யில் உன் வழக்கைக் காட்டினார்கள். வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ் உன் காமிக்ஸ் கட்டை எடுத்துப் போனார்கள் அல்லவா? (கப்பல்துறை மட்டும் அன்றைக்கு என் பையில் இருந்தது.) அதைப் பிடித்துக்கொண்டு 'காமிக்ஸ் வளர்த்த கத்திக்குத்து' என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். திரையில் காட்டியது நம் தமிழ்ப் புத்தகத்தை அல்ல. எங்கிருந்தோ இங்கிலீஷ் பக்கங்களை எடுத்து, ரத்தத்துக்கு இவர்களே சிவப்பு வண்ணம் அடித்துக் காட்டினார்கள். மூலத்தில் அது வெறும் கறுப்பு மை.

அதைப் பார்த்துவிட்டு அடையாறிலிருந்து ஒரு பெற்றோர் சங்கம் ஆபீசுக்கே வந்தது. வெட்டாத பதிப்பு வரக் கூடாது, வந்தால் வழக்குப் போடுவோம் என்றார்கள். தலைவி பெயர் ஜெயஸ்ரீ. கெட்டவராகத் தெரியவில்லை. என் ஸ்கிரீனில் பாதி ஒட்டிய கத்தியைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன வயசும்மா? இதையெல்லாம் நாள் பூரா பாத்துட்டு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கம் வருவதில்லைதான். அது இதனால் அல்ல என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். நான் உன் தங்கை என்று அங்கே அப்போது யாருக்கும் தெரியாது.

அவர்கள் போன பிறகு சுந்தரராமன் சார் சிரித்தார். "லண்டன்லயே இதே கூத்து நடந்ததும்மா. பேப்பர்காரா மொதல் பக்கத்துல போட்டுக் கிழிச்சா. எடிட்டரை டி.வி.ல உக்கார வச்சு வறுத்தா. கம்பெனியே பயந்துண்டு பத்திரிகையை நிறுத்தி, கொஞ்ச நாள் கழிச்சுப் பல்லைப் பிடுங்கிட்டு வெளில விட்டா. எங்கப்பா பல்லு இருந்த இதழைத்தான் தேடி வாங்கினார். வாங்கிண்டு வந்து ஆத்துல உக்காந்துண்டு தானே பிடுங்கினார்."

ஏன் என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், கேட்டுவிட்டேன்.

"குழந்தைகள் நல்லதுக்குன்னு சொல்லிப்பார். பயம்மா. வேற என்ன?"

அஸ்வினி


11 ஜூலை 2025

பாப்பா,

காலைல வந்து சொன்னாங்க. ரங்கன் பூட்டான்னு. கேசு கொலைகேசா மாறிடுமாம்.

பக்கத்துல கீறவன் அழாதடான்றான். அழுதா ஒத்துகினா மாதிரி ஆயிடுமாம். எனக்கு அழுகையே வர்ல. சோறுதான் எறங்கல.

என்ன தூக்கி கடல்ல போட்டு நீச்சல் கத்து குடுத்தவனே அவன்தான்.

வா பாப்பா. ஒருவாட்டி வா.

செபா


16 ஜூலை 2025

அண்ணா,

அடக்கம் முடிந்தது. அம்மா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள், யாரும் உள்ளே கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

சமத் பாய்க்கு நம் விஷயம் தெரியாது. அன்று காலையில் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். "கடையில பையன் லீவு. பின்னாடி எல்லாம் வெட்டிட்டு, கைல இருக்கற பாட்டிலை எடுத்துட்டு அனுப்பும்மா. சாவு வீட்டுக்காரங்க நிக்கறாங்க" என்றார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எப்போதும் செய்கிற வேலைதான். பார்ட்டியில் எடுத்த படத்தைத்தான் கொடுப்பார்கள், நாங்கள் பாட்டிலை எடுத்துவிடுவோம்.

திறந்து பார்த்தேன். ரங்கண்ணன். மகாபலிபுரம் போனபோது எடுத்தது. பக்கத்தில் நீ. அவர் கை உன் தோள் மேல். பாட்டிலை எடுத்தேன். உன் தோளையும் வெட்டி எடுத்தேன். அந்தப் பேனர் இப்போது நம் சந்து முனையில் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

நான் ஏன் உன்னைப் பார்க்க வரவில்லை என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பேச்சு வராது என்றது பாதிதான் உண்மை. அவர் கூடையை உதைத்ததைப் பார்த்தேன். அம்மா கையை மிதித்ததைப் பார்த்தேன். மீன் அறுக்கிற பலகையிலிருந்து நீ கத்தியை எடுத்ததையும் பார்த்தேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து உன்னை நிமிர்ந்து பார்த்தார். நீ அதோடு நிறுத்திவிட்டு வந்திருக்கலாம்.

இதற்கு மேல் எழுதினால் அங்கே படிப்பார்கள். அம்மா அதற்குள் மயங்கிவிட்டாள். கிட்டத்தில் நின்றது நான் ஒருத்திதான்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து ஒரு தாள் கொடுத்தார். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி சைதாப்பேட்டை கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டுமாம்.

அஸ்வினி


27 ஜூலை 2025

பாப்பா,

இது ஜெயில் ஆபீஸ் வழியா வராது. வக்கீல் கனகராஜ் சார் கைல குடுத்து அனுப்புறேன். படிச்சிட்டு கிழிச்சிடு.

ரெண்டு விசயம். ஒண்ணு, நீ கோர்ட்ல ஒருவாட்டிதான் குத்துனேன்னு சொல்லணும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல ரெண்டு காயம் இருந்தா இருக்கட்டும். உழும்போது தானே கத்தி மேல சாஞ்சிட்டான்னு சொல்லிக்கலாமாம். நீ மாத்தி சொன்னா எல்லாம் காலி.

ரெண்டாவது அந்த புக்கு. வக்கீல் சொல்றாரு, டி.வி.காரனே நமக்கு ரூட்டு போட்டு குடுத்துட்டான்னு. சின்ன வயசுலேந்து கத்தியும் ரத்தமுமா பாத்து வளந்தவன், புத்தி கெட்டுப்போச்சு, அம்மாவ மெதிச்சதும் கை தானா பூட்ச்சுன்னு சொல்லலாமாம். அந்த பெற்றோர் சங்கத்து அம்மாவே வந்து சாட்சி சொல்லுமாம். ஆனா ஜட்ஜு புக்க காட்டுன்னா? நம்ம புக்ல கத்தி இல்லியே.

உன் கம்ப்யூட்டர்ல கீதில்ல, கத்தி வச்ச பக்கம். அத்த பழைய பேப்பர்ல ஒண்ணு அடிச்சி, நம்ம புக்ல சொருவி தெச்சிடு. நூல் போட்டு தெச்ச புக்குதானே, எவனுக்கு தெரியும்? உனக்கு அர மணி நேர வேலை.

நடந்துச்சின்னா ஏழெட்டு வருசத்துல வந்துருவேன். இல்லன்னா ஆயுசுக்கும் இங்கதான். எனக்கு பத்தொம்பதுதான் ஆவுது பாப்பா.

செபா


2 ஆகஸ்ட் 2025

அண்ணா,

இதை ஒட்டி வக்கீலிடம் கொடுக்கிறேன். நீ பிரிக்கும்போது ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்.

அவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். "பொய் இல்லம்மா இது. அந்தப் படத்துல கத்தி இருந்தது உண்மைதானே? யாரோ பயந்து அழிச்சான், நீ திரும்ப வைக்கப்போற, அவ்வளவுதான்" என்றார். அவர் சொல்லும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. அம்மா காபி கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்துப் பார்த்தேன். ஆபீஸ் பரணில் அந்தக் காலத்து அச்சுத்தாள் கட்டு ஒன்று பழுத்துப்போய்க் கிடக்கிறது. அதில் ஒரு தாளை உருவி, நாற்பத்தோராம் பக்கத்தை அடித்தேன். கத்தி அந்தக் கைக்குள் சரியாக உட்கார்ந்தது. அட்டை இல்லாத பழைய புத்தகங்களுக்கு நடுவே வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. அது இப்போது என் பையில் இருக்கிறது.

இதைக் கோர்ட்டில் வைத்தால் சுந்தரராமன் சாரைக் கூண்டில் ஏற்றுவார்கள். கத்தியை அப்பா அழித்தார் என்று அவர் சொன்னால், இதோ கத்தி என்று காட்டுவார்கள். அவருக்கு இப்போது நான் யார் என்று தெரியும், நானே சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "உக்காரு. உங்கண்ணா பண்ணினதுக்கு நீ என்னம்மா பண்ணுவே? அந்த அஞ்சாம் பக்கத்துல வசன பலூன் தள்ளியிருக்கு, சரி பண்ணு" என்றார். வெட்டாத பதிப்பு இனி வராது என்று முடிவு செய்துவிட்டார். ஆனாலும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் தைத்துவிடுவேன் அண்ணா. கோர்ட்டில் ஒரு தடவை என்றும் சொல்லிவிடுவேன். எனக்கு நீ வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. ரங்கண்ணன் உட்கார்ந்த பிறகு, இரண்டாவது தடவை ஏன்?

அஸ்வினி


8 ஆகஸ்ட் 2025

பாப்பா,

ஒட்டு பிரிஞ்சிதான் கீது. வக்கீலு படிச்சிட்டாரு போல. படிக்கட்டும்.

கேட்டல்ல, சொல்றேன். எவன் கிட்டயும் சொல்லல. மொத குத்துல ரத்தமே வெளிய வர்ல. அவன் உக்காந்துகினு என்ன பாக்குறான், சட்டை வெள்ளையா அப்டியே கீது. பட்டுச்சா படலியான்னே தெரியல. சும்மா நடிக்கிறான்னு நெனச்சேன். பாக்குறான் பாரு, இவன் எழுந்தா என்ன வுடமாட்டான்னு தோணுச்சு. அதான். அதுக்கப்றம்தான் ரத்தம் வந்துச்சு.

வக்கீல் கிட்ட இத்த சொன்னேன். அவரு சந்தோசத்துல குதிக்கிறாரு. அந்த வெள்ளையடிச்ச புக்க பாத்து பாத்துதான் குத்துனா செத்துப்போவான்னே எனக்கு தெரியாம பூட்ச்சுன்னு இன்னொரு ரூட்டும் போடலாமாம். கத்தி இருந்தாலும் புக்கு மேல பழி, இல்லன்னாலும் புக்கு மேல பழி. கில்லாடி.

நீ ஏன் ரொம்ப யோசிக்கிற? அந்த சாரு உனக்கு யாரு? அவரு நாளைக்கு வேற கடை போடுவாரு. நான் எங்க போவேன்? ரங்கன் திரும்பி வரமாட்டான் பாப்பா. நானாவது வரணும்ல. உனக்கு எத்தினிவாட்டி நான் பேசி கீறேன், ஒரேவாட்டி எனக்கு நீ பேசு.

செபா


14 ஆகஸ்ட் 2025

அண்ணா,

இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன். யார் படித்தாலும் பரவாயில்லை. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுத வேண்டும்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ரத்தம் வராததால் தெரியவில்லை என்கிறாய். மீன் அறுக்கிற வீட்டில் பிறந்தோம். நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எந்த இடத்தில் வைத்தால் கத்தி எவ்வளவு இறங்கும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தில் கத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்திருந்தால் நீயே இதை எழுதியிருக்க மாட்டாய். எழுதிவிட்டாய், அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏழு வருஷம் கழித்து நீ அதை முழுதாக நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருவாய். நானும் நம்புவதாக நடிக்க வேண்டியிருக்கும்.

பார்த்ததை அப்படியே சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் கோர்ட்டுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் என்னை அடித்தாள். மிதிபட்ட கையாலேயே அடித்தாள். அந்தக் கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை. பிறகு கோர்ட்டுக்கு என் கூடவே வந்தாள், ஆனால் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

கனகராஜ் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கொண்டாந்தியாம்மா?" என்றார். இல்லை என்றேன். தைக்கவில்லையா என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். "பெத்தவங்க நீங்களாவது சொல்லக் கூடாதா?" அம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே மாஜிஸ்திரேட் ஒரு பெண். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். டைப் செய்கிற ஒருவரும் நானும்தான் இருந்தோம். யாராவது மிரட்டினார்களா, பயப்படாதே, தண்ணீர் வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். என் பேரைச் சொல்லவே நேரம் பிடித்தது. பிறகு வந்துவிட்டது. இடத்துக்காக நடந்த சண்டையைச் சொன்னேன். கூடையைச் சொன்னேன். அம்மா கையை ரங்கண்ணன் மிதித்ததையும், காலை எடுக்காமலே நின்றதையும், அம்மா கத்தியதையும், எதையும் குறைக்காமல் சொன்னேன். அது உனக்கு உதவும் என்று நினைக்கிறேன். ரங்கண்ணன்தான் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார் என்பதையும் சொன்னேன், அது எதற்கு என்று தெரியவில்லை. உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்ததைச் சொன்னேன். காமிக்ஸ் பற்றி மாஜிஸ்திரேட்டே கேட்டார். எங்கள் புத்தகத்தில் அந்தக் கையில் ஒன்றும் கிடையாது, அதனால் நடந்ததல்ல இது என்றேன்.

அப்புறம், "உங்க அண்ணன் எத்தனை தடவை குத்தினார்?" என்று கேட்டார்.

டைப் செய்கிறவரின் விரல்கள் நின்றன. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா," என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.

அஸ்வினி